தாயும் ஆன தெய்வத்தின் வழியில்

(திருவிழாவை முன்னிட்டு ஆலய மண்டபத்தில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

திருவிழாக் காலத்தில் இறைவனின் திருவிளையாடல்களைச் செவிமடுப்பது நம் மரபு. அவற்றுள் திருச்சிராப்பள்ளி மலைக்கோயிலின் தல வரலாறு தாய்மார்கள் நன்கறிந்த ஒன்று. இரத்தினாவதி என்னும் வணிகர் குலப் பெண்ணுக்குப் பேறுகாலம் நெருங்கிற்று. மகளுக்குத் துணையிருக்கத் தாய் பூம்புகாரிலிருந்து புறப்பட்டாள். வழியில் காவிரி கரைபுரண்டு ஓடியது, ஓடம் விடுவாரில்லை. அக்கரையில் தாய், இக்கரையில் வலியால் துடிக்கும் மகள். அவள் சிவபெருமானை நினைந்து அழுதாள். இறைவன் அவளுடைய தாயின் உருவிலேயே வீட்டு வாயிலில் வந்து நின்றார், பேறு பார்த்தார், குழந்தையையும் தாயையும் பேணினார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேர்ந்தபோது ஒரே வீட்டில் இரு தாயரைக் கண்டு யாவரும் திகைத்தனர். முன்னர் வந்த தாய் மறைந்தருளினார். அன்று முதல் அப்பெருமானுக்குத் தாயுமானவர் என்னும் திருநாமம் வழங்கலாயிற்று.

இவ்வரலாற்றில் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. காவிரி வெள்ளத்தை வற்றச் செய்வது இறைவனுக்கு அரிய செயல் அன்று. ஆயினும் அவர் அதைச் செய்யவில்லை. வெள்ளத்தை அதன் போக்கில் விட்டுவிட்டு, வர இயலாத தாயின் இடத்தில் தாமே அமர்ந்தார். வெந்நீர் காய்ச்சுதல், மருந்து அரைத்தல், இரவு விழித்திருத்தல் ஆகிய எளிய பணிகளையே ஏற்றார். உரியவள் வரும்வரை விலகவும் இல்லை. துன்பத்தை நீக்கும் ஆற்றல் இல்லாதவரும் துன்புறுவோர் அருகில் இருத்தல் கூடும். அவ்வாறு இருப்பதும் தெய்வத் தொண்டே என்பதை இதனினும் தெளிவாகக் கூறும் வரலாறு வேறில்லை.

பள்ளத்தாக்கை நாடி வரும் குடும்பங்கள்

இன்று காவிரிக் கரையில் நடந்தது கிள்ளான் பள்ளத்தாக்கில் நாள்தோறும் நடக்கின்றது. நாட்டின் பெரிய மருத்துவமனைகள் பல இங்கேதான் உள்ளன. 1870 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கோலாலம்பூர் மருத்துவமனை, அதனை அடுத்துத் தாய்மாருக்கும் குழந்தைகளுக்குமென அமைந்த துங்கு அசிசா மருத்துவமனை, 1992 இல் தனி நிறுவனமாக உருப்பெற்ற தேசிய இருதயக் கழகம், லெம்பா பந்தாயில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை, செராசில் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை என இவை விரிகின்றன. கெடாத் தோட்டத்திலோ, கேமரன் மலையிலோ, சபா, சரவாக்கிலோ பிறந்த குழந்தைக்கு இருதயத்தில் குறையெனக் கண்டால், அக்குடும்பம் பெரும்பாலும் இத்திசை நோக்கியே அனுப்பப்படுகின்றது.

உலகெங்கும் பிறக்கும் 1,000 குழந்தைகளுள் ஏறத்தாழ 8 குழந்தைகள் ஏதேனும் ஓர் இருதயக் குறையோடு பிறக்கின்றன என்பது மருத்துவ நூல்கள் ஒப்பும் கணக்கு. பல குறைகள் தாமே சரியாகும். சிலவற்றை மருந்தால் சமாளிக்கலாம். சில குழந்தைகளுக்கோ பிறந்த சில நாள்களிலேயே அறுவைச் சிகிச்சை வேண்டும். அத்தகைய குழந்தையின் தாயை எண்ணிப் பாருங்கள். பேறுகாலப் பத்தியம் முடியவில்லை, உடற்புண் ஆறவில்லை. அந்நிலையில் அவள் அறியாத நகரத்தில் தீவிரச் சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாற்காலியில் அமர்ந்திருக்கின்றாள். கணவர் நாட்கூலி பெறுபவராயின் ஒரு வாரத்துக்கு மேல் உடனிருக்க இயலாது. மூத்த பிள்ளை ஊரில் பாட்டியிடம் இருக்கின்றது. பள்ளிக்குச் செல்ல மறுக்கின்றது.

அரசாங்க மருத்துவமனைகளில் குடிமக்கள் செலுத்தும் கட்டணம் நெடுங்காலமாகவே மிகக் குறைவு. வெளிநோயாளர் பிரிவில் 1 வெள்ளி, நிபுணர் மருத்துவரைக் காண 5 வெள்ளி என்னும் கட்டணம் உலகில் பல நாடுகள் வியக்கும் ஏற்பாடு. ஆகவே சிகிச்சையே இலவசம் போன்றதுதானே, பின் என்ன குறை என்று கேட்பாருண்டு. குறை மருத்துவமனைக் கட்டணச் சீட்டில் இல்லை. பேருந்துச் சீட்டிலும், வாடகை அறையிலும், கடைச் சோற்றிலும், இழந்த கூலியிலும் இருக்கின்றது. இச்செலவுகளுக்கு எவரும் கணக்குச் சீட்டுத் தருவதில்லை. ஆதலால் இவை எவர் கண்ணிலும் படுவதில்லை.

உடனிருந்தோர் வரலாறுகள்

நம் நாடே அறிந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஜொகூர் மாநிலம் பத்து பகாட்டைச் சேர்ந்த சீனச் சிறுமி ஒருத்திக்கு 2006 ஆம் ஆண்டு தேசிய இருதயக் கழகத்தில் இயந்திர இதயம் பொருத்தப்பட்டது. மாற்று இதயத்துக்காக அவள் ஏறத்தாழ ஓராண்டு அம்மருத்துவமனையிலேயே வாழ்ந்தாள். 2007 அக்டோபரில், மலாய்க் குடும்பம் ஒன்று விபத்தில் இழந்த தம் 15 வயது மகனின் இதயத்தை அவளுக்கு வழங்கியது. அவ்விதயத்தை அவள் உடல் ஏற்கவில்லை. மறுநாளே வேறொரு குடும்பம் தன் துயரத்தின் நடுவே மற்றோர் இதயத்தை வழங்கிற்று, சிறுமி பிழைத்தாள். அவள் குழந்தைப் பருவம் கடந்தவளே. எனினும் இரண்டு இதயங்கள் கிட்டிய அந்த இரண்டு நாள்களைப் போலவே, அவற்றுக்கு முன் காத்திருந்த நெடிய ஓராண்டும் நினைவுகூரத்தக்கது. அறுவை செய்யும் நாளில் நாடே பிரார்த்திக்கும். காத்திருக்கும் முந்நூறு நாள்களுக்குத் துணை யார் என்பதே கேள்வி.

2003 ஜூலையில் லாகூரிலிருந்து இரண்டரை வயதுப் பெண் குழந்தையொன்று இருதய அறுவைச் சிகிச்சைக்காக இந்தியா வந்தது. இரு நாடுகளுக்கிடையே ஒன்றரை ஆண்டுகளாக நின்றிருந்த பேருந்துச் சேவை அப்போதுதான் மீண்டும் தொடங்கியிருந்தது. அப்பேருந்திலேயே பெற்றோர் குழந்தையை ஏந்தி வந்தனர். பெங்களூர் நாராயண ஹிருதயாலயாவில் அறுவை நன்கு முடிந்தது. முன்பின் அறியாத மக்கள் இந்தியா முழுவதிலுமிருந்து மலரும் பரிசும் வாழ்த்தும் அனுப்பினர். எல்லைகளும் பகைமையும் ஒரு மழலையின் படுக்கையருகே பொருளற்றுப் போயின.

1989 ஆம் ஆண்டில் ஜப்பானியத் தாய் ஒருத்தி தன் 17 மாத மகனுடன் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரை அடைந்தாள். பிறவியிலேயே பித்த நாளம் அடைபட்டுக் கல்லீரல் கெட்ட குழந்தை அது. தாயின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து மகனுக்குப் பொருத்தினார் ரஸ்ஸல் ஸ்ட்ராங் என்னும் மருத்துவர். உயிரோடிருப்பவர் ஈந்த கல்லீரலால் வெற்றிபெற்ற முதல் மாற்றுச் சிகிச்சை அதுவென மருத்துவ வரலாறு குறிக்கின்றது. இன்று அம்முறையால் உலகெங்கும் எண்ணற்ற குழந்தைகள் வாழ்கின்றனர். ஆனால் இம்முறையில் குழந்தையும் தாயும் ஒரே நாளில் நோயாளிகளாகின்றனர். தந்தை எந்த அறை வாயிலில் நிற்பார்? ஊரென்றால் அண்ணனும் அத்தையும் வருவர். அயலூரில், அங்குள்ளவர்களே அண்ணனும் அத்தையும் ஆதல் வேண்டும்.

இந்நோயைப் பற்றி ஒரு செய்தியைத் தாய்மார்கள் அறிந்திருத்தல் நலம். பிறந்த குழந்தைக்கு முதல் சில நாள்களில் மஞ்சள் காமாலை தோன்றுவது இயல்பு. 14 நாள்கள் கடந்தும் அது நீங்காவிடினும், மலம் வெளிறிச் சுண்ணாம்பு நிறமாகக் காணினும், வெயிலில் காட்டினால் போதும் என்று காத்திராமல் உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் 1950களில் கண்ட அறுவை முறையை ஏறத்தாழ 60 நாள்களுக்குள் செய்தால்தான் பயன் மிகுதி. ஒரு குடும்பத்தை நெடுவழி செல்லாமலே காப்பதும் தொண்டுதான்.

ஆலயமும் ஆதுலர் சாலையும்

நோயாளரைப் பேணுவது மருத்துவமனையின் வேலை, ஆலயத்துக்கு அதில் என்ன பங்கு என்று சிலர் நினைக்கக்கூடும். காஞ்சிபுரத்துக்கு அருகே பாலாறு, வேகவதி, செய்யாறு மூன்றும் கூடும் திருமுக்கூடல் என்னும் ஊரில் பெருமாள் கோயிலொன்று உள்ளது. 11 ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு அக்கோயிலில் காணப்படுகின்றது. கோயிலைச் சார்ந்து வீரசோழன் என்னும் பெயரில் ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை நடைபெற்றதை அது விரித்துரைக்கின்றது. 15 படுக்கைகள், ஒரு மருத்துவர், அறுவை செய்பவர் ஒருவர், மருந்து கொணர்வோர், நோயாளருக்கு மருந்தூட்டும் பெண்டிர் என அனைவருக்கும் ஊதியம் குறிக்கப்பட்டுள்ளது. நோயாளர் ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் அரிசியும் அளந்து தரப்பட்டது.

மன்னன் மருத்துவரை மட்டும் நியமித்து நிறுத்தவில்லை. அரிசியையும் பணிப்பெண்ணையும் அதே கல்லில் பொறித்தான். மருந்து எவ்வளவு இன்றியமையாததோ அவ்வளவு இன்றியமையாதது சோறும் துணையும் என்று அவன் அறிந்திருந்தான். இன்று அறுவை செய்யும் ஆற்றல் ஆலயத்துக்கு இல்லை. அதற்குரியவர் வேறிடத்தில் உள்ளனர். அரிசி அளக்கும் பொறுப்போ இன்றும் ஆலயத்தை விட்டு நீங்கவில்லை.

செய்யத்தக்கவை

முதலாவது, தங்குமிடம். வெளியூர்ச் சிறார்க்கும் பெற்றோர்க்கும் கோலாலம்பூரில் இல்லங்கள் சில உள்ளன. தேசியப் புற்றுநோய்ச் சங்கம் நடத்தும் குழந்தைகள் இல்லம் அவற்றுள் ஒன்று. அங்கு இடமில்லாதபோது, பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ ஓர் அன்பர் வீட்டின் ஓர் அறை ஒரு குடும்பத்தைக் காக்கும். கிள்ளானிலிருந்து கொமுட்டர் இரயிலில் தலைநகர் வரலாம். 2023 மார்ச் முதல் கோலாலம்பூர் மருத்துவமனையின் பெயரிலேயே எம்.ஆர்.டி. நிலையம் இயங்குகின்றது. முதல் நாள் உடன் சென்று எங்கு இறங்குவது, எவ்வாயிலில் நுழைவது, எந்தத் தளம் என்று காட்டிவிட்டால், மறுநாள் முதல் அத்தாய் தானே சென்று வருவாள்.

இரண்டாவது, உணவு. ஆலய மடைப்பள்ளியில் ஆயிரம் பேருக்குச் சமைப்போர், பிள்ளை பெற்ற ஒருத்திக்குப் பத்தியச் சமையல் செய்து தூக்குச் சட்டியில் அனுப்புவது பெரிய காரியமன்று. திங்கட்கிழமை ஒரு வீடு, செவ்வாய்க்கிழமை ஒரு வீடு என முறை வகுத்துக்கொண்டால் எவருக்கும் சுமை தெரியாது. குழந்தைக்கு உரிய உணவையோ தாதியரையும் மருத்துவரையும் கேளாமல் தருதல் ஆகாது.

மூன்றாவது, மொழித்துணை. மலாயிலும் ஆங்கிலத்திலும் அமைந்த ஒப்புதல் பாரங்களில் என்ன எழுதியிருக்கின்றது என்று அறியாமலே கையொப்பமிடும் பெற்றோர் உண்டு. படித்த இளைஞர் ஒருவர் உடன் சென்று, மருத்துவர் கூறுவதைத் தமிழில் எடுத்துரைத்து, ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கொடுத்தால் பாதி அச்சம் நீங்கும். முடிவைப் பெற்றோரே எடுக்கவேண்டும். துணை செல்பவர் தம் கருத்தைத் திணித்தல் கூடாது.

நான்காவது, இரத்த தானம். ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய இரத்த வங்கி எந்நாளும் கொடையாளரை எதிர்நோக்கியிருக்கின்றது. திருவிழாக் கூட்டம் கூடும் நாளில் ஓர் இரத்ததான முகாம் நடத்துவது சிறந்த உபயம்.

ஐந்தாவது, ஊரில் உள்ள பிள்ளை. தங்கையோ தம்பியோ நோயுற்றால், நலமாயிருக்கும் மூத்த குழந்தையை எல்லோரும் மறந்துவிடுகின்றனர். அவ்வூர் ஆலயத்துக்கு இவ்வாலயம் ஒரு தொலைபேசி அழைப்பு விடுத்தால், அங்குள்ள அன்பர்கள் அப்பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையும் புத்தகப் பையையும் கவனித்துக்கொள்வர். ஆலயங்கள் ஒன்றுக்கொன்று உறவினர் அல்லவா?

நிதி திரட்டும் முறை

பணம் தேவைப்படும் வேளைகளும் உண்டு. தமிழகத்தின் நாமக்கல் மாவட்டம் குமாரபாளையத்தில் தசைநார்ச் சிதைவு நோயுற்ற குழந்தைக்கு 16 கோடி ரூபாய் மதிப்புள்ள ஒரே ஊசி மருந்து தேவைப்பட்டது. 2021 ஆம் ஆண்டில் எளிய மக்கள் சிறுகச் சிறுக ஈந்தே அத்தொகை திரண்டது. இந்திய அரசும் அம்மருந்தின் இறக்குமதி வரியைத் தள்ளுபடி செய்தது. அது பெருவியப்பு. எல்லாக் குடும்பங்களுக்கும் அவ்வியப்பு நிகழ்வதில்லை. ஓர் ஆலயத்தால் 16 கோடி திரட்டவும் இயலாது. இயல்வதை ஒழுங்காகச் செய்வதே கடமை.

முதலில், மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவை அணுகவேண்டும். எளியோருக்கென சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதி உள்ளது. தேசிய இருதயக் கழகத்துக்கும் தனி அறநிறுவனம் உண்டு. பட்டியலிடப்பட்ட கடும் நோய்களுக்கு, பிள்ளையின் சிகிச்சைக்காகவும் ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் மீட்க வழியுண்டு. இவற்றை நாடிய பின்னரும் குறைவதற்கே அன்பர்களிடம் கையேந்துதல் முறை. வீடு வீடாகவும் தெருவிலும் திரட்ட 1947 ஆம் ஆண்டுச் சட்டப்படி காவல் துறையின் அனுமதி வேண்டும். பற்றுச்சீட்டுத் தருக, கூடுமானவரை மருத்துவமனைக்கே நேரே செலுத்துக, மிகுந்த பணம் எக்குழந்தைக்குச் செல்லும் என்பதை முன்னரே அறிவித்திடுக, இறுதிக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டிடுக. கணக்கில்லாத கருணை அடுத்த குழந்தைக்கு வரும் கதவை அடைத்துவிடும். குழாய்கள் செருகிய நிலையில் உள்ள குழந்தையின் படத்தை எல்லோர் கைபேசியிலும் பரப்புதலும் தகாது. அக்குழந்தை பிழைத்து வளர்ந்து, ஒருநாள் இதே மண்டபத்தில் தலைநிமிர்ந்து நிற்கவேண்டும்.

பிறப்புப் பத்திரம் இல்லாமையால் குடிமகன் என்று மெய்ப்பிக்க இயலாத குழந்தைக்கு வெளிநாட்டவர்க்குரிய உயர்ந்த கட்டணம் விதிக்கப்பட்டு இடரும் குடும்பங்கள் நம் சமூகத்தில் உண்டு. பிறப்பை உரிய காலத்தில் பதியுமாறு ஒவ்வொரு தம்பதியரையும் ஆலயம் திருமணப் பதிவின்போதே அறிவுறுத்தினால் பின்னர் வரும் பெருந்துன்பம் தவிரும்.

சொல்லத் தகாதவை

செயலினும் சொல் கூர்மையானது. பார்க்க வருவோர் அத்தாயிடம், கருவுற்றிருந்தபோது என்ன உண்டாய், கிரகணத்தில் வெளியே சென்றாயா, எந்த வேண்டுதலை மறந்தாய் என்று வினவுகின்றனர். முன்வினை என்று பெருமூச்செறிகின்றனர். பெரும்பாலான பிறவி இருதயக் குறைகளுக்கு உறுதியான ஒரு காரணத்தை மருத்துவர்களாலேயே காட்ட இயல்வதில்லை. மருத்துவர் சாட்டாத பழியை உறவினர் சாட்டலாமா? இரத்தினாவதியின் வீட்டுக்கு வந்த தெய்வம், வெள்ளத்துக்கு யார் காரணம் என்று கேட்கவில்லை. இருமலும் சளியும் உள்ளவர் குழந்தையைக் காணச் செல்லாமல் இருப்பதும் அன்பே. பேச ஒன்றும் தோன்றாவிடில் பேசாமல் அருகே அமர்ந்திருக்கலாம்.

குழந்தை தங்காதபோது

மெய்யன்பர்களே, மங்கலமான இத்திருவிழா மேடையில் இதையும் கூறியாகவேண்டும். எல்லாக் குழந்தைகளும் பிழைப்பதில்லை. உயர்ந்த மருத்துவமும் உருகிய பிரார்த்தனையும் சேர்ந்தும் சில வேளைகளில் சிறு விளக்கு அணைந்துவிடுகின்றது. அந்நாளில்தான் துணை முற்றும் விலகிவிடும் வழக்கமும் இருக்கின்றது. நன்கொடைப் பெட்டி மூடப்படுகின்றது. உணவு கொணர்ந்தவர் என்ன சொல்வது என்றறியாமல் வாராதொழிகின்றனர். வந்தபோது கையில் குழந்தையோடு வந்த பெற்றோர், அயலூரில் சான்றிதழ்களுக்கும் வாகனத்துக்கும் தனியே அலைகின்றனர்.

அந்நேரத்தில் வண்டி அமர்த்தித் தருபவர், உடன் பயணம் செய்பவர், ஊர் எல்லையில் இறுதிக் கடன் முடியும்வரை நிற்பவர் யாரோ, அவரே தாயுமானவரின் அடியார். நாற்பதாம் நாளன்றும், அடுத்த ஆண்டுக் குழந்தையின் பிறந்த நாளன்றும் ஒருமுறை அழைத்து அக்குழந்தையின் பெயரைச் சொல்லி விசாரித்தால், உலகில் தம் மகவை நினைப்பார் வேறொருவரும் உளர் என்று அத்தாய் தேறுவாள். குழந்தை பிழைத்துத் திரும்பும் குடும்பத்துக்கும் பணி முடிவதில்லை. மறுபரிசோதனைக்காக அவர்கள் ஆண்டுதோறும் இந்நகர் வரவேண்டியிருக்கும். அப்போதும் அந்த அறையின் கதவு திறந்திருத்தல் வேண்டும்.

ஆகவே, அடுத்த திருவிழாவுக்கு உபயங்கள் எழுதும் ஏட்டில் ஒரு பக்கத்தை இதற்கென ஒதுக்குமாறு நிர்வாக சபையைப் பணிவன்புடன் கேட்டுக்கொள்வது இச்சொற்பொழிவின் நோக்கம். அறை உள்ளவர் அறை என எழுதுக. வாகனம் உள்ளவர் வாகனம் என எழுதுக. ஒருவேளைச் சோறு சமைக்கக் கூடியவர் கிழமையைக் குறித்து எழுதுக. மொழியறிந்த இளைஞர் தம் ஓய்வு நேரத்தை எழுதுக. அப்பக்கத்தைப் பெரிய மருத்துவமனைகளின் சமூகப் பணிப் பிரிவினரிடம் ஒப்படைத்தால், வெள்ளம் இடைமறித்த ஒரு வீட்டுக்குத் தாய் வந்து சேர்ந்ததற்கு ஒப்பாகும்.

நோயுற்ற மழலைகள் யாவும் நலம்பெறவும், அவர்தம் பெற்றோர் தனிமையுறாதிருக்கவும் எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக.

திருச்சிற்றம்பலம்.